செனட்டருக்குக் கடிதம் எழுத உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாய்ந்து, அடுத்தது தானாக ஏறும்) துப்பாக்கிகளை அமெரிக்கா முழுவதும் தடைசெய்யும் மசோதாவை ஆதரிக்கச் சொல்லி, எங்கள் மாநில செனட்டர்கள் இருவருக்கும் கடிதம் எழுதப்போகிறேன்.

1994ல் வந்த தடைச் சட்டம் 2004ல் காலாவதியானது. 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று நூலிழையில் நிறைவேறிய புதிய தடை மசோதா, செனட்டில் அப்படியே நின்றுபோனது.

என் மகள் பள்ளியில், துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி நாளன்று கதவுக் கண்ணாடியைத் தாளால் மறைத்து, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்காரவைக்கிறார்கள். அதுவும் முதல் வகுப்புக் குழந்தைகளை! இதைச் சகஜமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய சட்டம் கைப்பிடி, குழல் முனை போன்ற வெளி அம்சங்களை வைத்துத் துப்பாக்கியை வரையறுத்தது. கம்பெனிகள் சின்ன மாற்றம் செய்து விற்றுவிட்டன. இந்த ஓட்டையை எப்படி அடைக்கலாம் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். செனட்டர் அலுவலகத்தில் நேரில் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடிதமா, போனா, எது எடுபடும்? அப்புறம், வேட்டைக்குப் போகிறவர்கள் இருந்தால் உங்கள் மறுப்பையும் தயங்காமல் எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்லாத கடிதம் நிற்காது. வார இறுதிக்குள் அனுப்ப நினைக்கிறேன்.