"எந்த ஊர்?" என்று அவளுடைய அப்பா கேட்டார், என்ன பதில் சொல்வது?

கேட்டவர்: கோத்தகிரி இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 25. கோத்தகிரிக்கு அருகில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வாழும் காலனி ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா 1973-இல் பாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அம்மா இன்றும் சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். நான் உதகை அரசுக் கலைக் கல்லூரியில் வணிகவியல் படித்து முடித்து, இப்போது கோவையில் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்க்கிறேன்.

அதே கல்லூரியில் எனக்கு ஓராண்டு பின்னால் படித்த பெண்ணை நான்கு ஆண்டுகளாகக் காதலிக்கிறேன். அவள் படகர் சமூகத்தைச் சேர்ந்தவள். எங்கள் காலனியிலிருந்து அவளுடைய ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, நடந்தே போய்விடலாம். ஒரே பேருந்தில் தொட்டபெட்டா வழியாகக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. சென்ற மாதம், ஒளித்து வைப்பது இருவருக்கும் பிடிக்காததால், அவளுடைய அப்பாவை நேரில் பார்த்துப் பேசுவதற்காக அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அவர் என்னை மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு, "எந்த ஊர்?" என்று கேட்டார். காலனியின் பெயரைச் சொன்னேன். "அது நீங்கள் குடியிருக்கும் இடம், தம்பி. ஊர் எது?" என்றார். எனக்கு வாய் எழவில்லை.

தாத்தாவின் கடவுச்சீட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் பூர்விக ஊரின் ஆதாரம் கேட்டபோது, பிளஸ் டூ முடித்த கையோடு அம்மாவும் நானும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். எங்கள் குடும்பம் ஆதிதிராவிடர் வகுப்பு. தேநீர்க் கடையில் கொள்ளுத் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்ததும், கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் ஊருக்கு வெளியே இருந்த தெருவைக் கையால் காட்டினார். அந்தத் தெருவிலும் எங்களை அறிந்தவர் எவரும் இல்லை. சான்றிதழ் பிறகு பல நடைக்குப் பின் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கிராமத்தை என் ஊர் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. தாத்தா விட்டுவந்த கண்டியை நான் பார்த்ததே இல்லை. காலனி இருப்பதோ புறம்போக்கில். எங்கள் வீட்டுக்குப் பட்டா கிடையாது, முப்பது வீட்டுக்கு ஒரே குழாய், அதிலும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

நான் எழுந்து வெளியே வரும்போது அவளுடைய மாமா, "அகதிகளுக்கு ஏது ஊர்? நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள்தானே?" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அவருடைய தோட்டத்தில் என் அம்மா பதினோரு ஆண்டுகள் பறித்திருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நமக்கு வேண்டாம்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அவர் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதுதான் வழியா? பெரியவர்களும் சட்டம் அறிந்தவர்களும் சொல்ல வேண்டும்.

பதில்: சேரம்பாடி அம்மா

தம்பி, உங்கள் எழுத்தைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

முதலில் அந்த "அகதி" என்ற சொல்லைச் சரிசெய்துவிடுகிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்த மலைகளில் தேயிலையும் ரப்பரும் வளர்த்த நம் மக்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். உங்கள் தாத்தா இந்தியக் குடிமகனாக, இந்தியக் கடவுச்சீட்டுடன் கப்பலில் வந்தவர். அகதியாக வருவதில் இழிவு ஒன்றும் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் அறிவேன். ஆனால் நம் கதை வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீட்டில், பிறந்தவள். எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி ஒருவர் இருந்தார். அவருக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஒருவரை ஒருவர் பார்ப்போம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். அவருடைய அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார், என் அப்பா இந்தியாவுக்குப் போட்டிருந்தார். நாங்கள் இன்னார் என்றே தெரியாத வயதில் பெரியவர்கள் வைத்த கைநாட்டு அது. எங்களுக்கு விசா வந்த அன்று, அவர் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். "நீ அந்த நாட்டு ஆள், நாங்கள் இந்த நாட்டு ஆள்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரே மலையில், ஒரே ஓடைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இருவருக்கு இரண்டு நாடு வந்துவிட்டது. இராமானுஜம் கப்பலில் ஏறும்போது அவர் தலைமன்னார் வரை வரவில்லை. வந்திருக்க மாட்டாரா என்று இந்த வயதிலும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

மண்டபம் முகாமிலிருந்து துறையூர்ப் பக்கம் அப்பாவின் பூர்விகக் கிராமத்துக்குப் போனோம். சொந்தக்காரர்கள் பதினோரு நாள் சோறு போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில், "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். தெரிந்த தொழில் தேயிலைதான் என்பதால் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களைக் குடியேற்றுவதற்காகவே 1968 முதல் அரசு இங்கே தேயிலை போட்டது. 76-இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமாயிற்று. காடாகக் கிடந்த இடத்தில் நாற்று நட்ட கைகளில் என் கையும் உண்டு. நான் நட்ட செடியில் இன்று என் மருமகள் கொழுந்து எடுக்கிறாள். எனக்கு ஊர் எது என்று எவராவது கேட்டால், சேரம்பாடி என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க மாட்டேன். நீங்களும் காலனியின் பெயரையே இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பொரங்காடு சீமை

நானும் படகர் பெண்தான். அந்த மாமா பேசியது தவறு. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. கொழுந்து விலை விழுந்ததிலிருந்து அந்தத் தோட்டங்களில் செலவுக்கும் வரவுக்கும் சரியாகவே போவதில்லை, எங்கள் பிள்ளைகளே கோவைக்கும் பெங்களூருக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்பதையாவது அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

ஆனால் தந்தை கேட்ட கேள்வியை அதனுடன் சேர்க்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் ஒரே ஹட்டியில் பிறந்த ஆணும் பெண்ணும் பொதுவாக அண்ணன் தங்கை முறை. ஆகவே எந்தச் சம்பந்தப் பேச்சிலும் முதலில் வருவது ஊர்ப் பெயர்தான். அந்த ஒரு சொல்லிலிருந்து யார் வீடு, என்ன முறை, நல்லது கெட்டதுக்கு யார் யார் வந்து நிற்பார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். என் தங்கை 1996-இல் வெளியே திருமணம் செய்துகொண்டாள். என் அப்பா ஆறு ஆண்டுகள் அவளுடன் பேசவில்லை. பிற்காலத்தில் அவரிடம் காரணம் கேட்டேன். சாதியைப் பற்றி அவர் பேசவில்லை, "நான் செத்தால் அவள் எங்கே நிற்பாள்? யார் பக்கத்தில் நிற்பாள்?" என்றுதான் சொன்னார். சாதி அவர் மனத்தில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தது. அதற்கு அடியில் இந்த அச்சமும் இருந்தது. சாவுக்கு ஊர் ஊராகத் திரண்டு வரும் சமூகத்தில், மகள் ஓரமாக நிற்பதை நினைத்தால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

எங்கள் திருமணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். மணப்பெண் அந்த ஊர்த் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து அந்த வீட்டுக்குள் வைப்பது முக்கியமான சடங்கு. அதன்பிறகுதான் அவள் அந்த வீட்டுப் பெண். "ஊர் எது" என்று அவர் கேட்டபோது, தன் மகள் எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறாள் என்று கேட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை போங்கள். கொழுந்து பறிக்க அல்லாமல், சம்பந்தி முறையில் உங்கள் அம்மா அந்த வாசற்படி ஏற வேண்டும். காத்திருந்தால் பலன் உண்டு என்பது என் எண்ணம்.

பதில்: கூடலூர்க்காரன்

ஆசிரியை அம்மாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் காத்திருக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் லைன் வீட்டில் பிறந்தவன். மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்து முடித்துவிட்டார்கள். அவளுடைய கைபேசியைப் பிடுங்கி வைத்திருந்ததால் எனக்குச் செய்தி சொல்லக்கூட அவளால் முடியவில்லை. பெரியவர்களின் அச்சத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறோம்; அந்தப் பெண்ணுக்கு இருக்கும் அச்சத்தை எவரும் கேட்கவில்லையே.

பதில்: வழக்கறிஞர், உதகை

சட்டத்தின் பக்கம் மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு 21-உம் அவருக்கு 18-உம் நிறைந்துவிட்டதால், பெற்றோரின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் விரும்பி மணப்பதற்குக் குடும்பமோ சமூகமோ ஊரோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று தெளிவாகக் கூறியதுடன், இத்தகைய இணையருக்கு அச்சுறுத்தல் வந்தால் கவனிக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகிய மூவரும் அதில் இடம்பெறுகிறார்கள். அச்சம் இருந்தால் திருமணத்துக்கு முன்பே எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகள் இரண்டு. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு முப்பது நாள் அலுவலகப் பலகையில் இருக்கும். மூன்று சாட்சிகள் வேண்டும். அந்தப் பலகையை உறவினர் பார்க்கக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இந்துக்கள் என்றால், அண்ணா முதல்வராக இருந்த காலத்தில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு இருக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது முழுமையான திருமணம். புரோகிதர் தேவையில்லை, முன்னறிவிப்பும் இல்லை. அதன்பின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை, தாய் இருவரில் எவருடைய வகுப்பின்படியும் சான்றிதழ் பெறத் தமிழ்நாட்டில் இடமுண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள கலப்புத் திருமண நிதியுதவிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒரு வேண்டுகோள். கூடலூர் நண்பர் சொன்னது சரி; அந்தப் பெண் தன் வாயால் என்ன சொல்கிறார் என்பது தெரியாமல் எந்த மனுவும் எழுத முடியாது.

பதில்: புதிய உறுப்பினர்

அவர் குறிப்பிட்ட பெண் நான்தான். இந்த இழையை அவர் எனக்கு நேற்று அனுப்பினார். என் அச்சத்தை எவரும் கேட்கவில்லை என்று எழுதியவருக்கு நன்றி.

என் அச்சம் ஊரைப் பற்றியது அன்று. அவருடைய அம்மாவின் விரல்களில் தேயிலைக் கறை படிந்திருக்கும். என் மாமா வீட்டுத் திண்ணையில் அவர் உட்காராமல் நின்றுகொண்டே கூலி வாங்கியதைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. மருமகளாகப் போகும்போது அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவாரோ என்பதுதான் என் பயம். இதை அவர் மகனிடம் சொல்ல எனக்கு நான்கு ஆண்டுகளாகத் துணிவு வரவில்லை. இப்போது எல்லோருக்கும் முன்னால் எழுதிவிட்டேன்.

காத்திருக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். மார்கழியில் எங்கள் ஹெத்தை அம்மன் பண்டிகை முடியும்வரை காத்திருக்க நான் சம்மதிக்கிறேன்; அதற்கு மேல் இல்லை. வழக்கறிஞர் ஐயா சொன்ன மனுவில் நானும் கையெழுத்திடுவேன். அதற்குள் அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வர வேண்டும். அப்பா அவருக்கும் தேநீர் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மா அதை உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

ஆசிரியை அம்மா எழுதியதை நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் வெகு நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் காலனியில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். முப்பது வீட்டுக்கு ஒரு குழாய் என்றும், மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் என்றும், வரும் நாளில் விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.