சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புப் பாடம் வடிவமைத்தவர்கள், நடத்தியவர்கள், படித்தவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

சுற்றுச்சூழல் பொறியியல் ஆசிரியர்

முதுநிலை விருப்பப் பாடமாக இது என் கைக்கு வந்தபோது, பழைய சிலபஸ், ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் தாக்கங்களை நிர்வகிக்கும் அமைப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14001-இன் பிரிவு வரிசையிலேயே போனது. 4-ஆவது பிரிவில் நிறுவனத்தின் சூழல், 5-இல் தலைமை, 6-இல் திட்டமிடல் என்று 10-ஆவதான மேம்பாடு வரை. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு நிறுவனம் தன் அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ள எழுதிய வரிசை. புதிதாகப் படிக்க வருபவரிடம் இரண்டாம் வாரமே 'உயர்மட்டத் தலைமையின் பொறுப்பு' என்று ஆரம்பித்தால், குறிப்பெடுப்பார், தேர்வில் எழுதுவார், மறந்துவிடுவார். அதனால் தலைமையைக் கடைசிக்குத் தள்ளினேன். சுற்றுச்சூழல் அம்சங்களின் பதிவேட்டை, அதாவது சுற்றுச்சூழலைப் பாதிக்கக்கூடிய செயல்பாட்டுக் கூறுகளின் பட்டியலை, முன்னுக்குக் கொண்டுவந்தேன். பாடத்தின் முதுகெலும்பே அதுதான் என்பது என் கட்சி.

முதல் வகுப்பிலேயே வளாகத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு குழுவுக்கு வேதியியல் லேப், இன்னொன்றுக்கு ஜெனரேட்டர் அறை, மற்றவர்களுக்கு விடுதிச் சமையலறை, ஏசி பிளான்ட். என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று எழுதி வர வேண்டும். முதல் வரைவில் பெரும்பாலும் 'அம்சம்' என்ற பத்தியில் 'காற்று மாசு' என்று இருக்கும். அது தாக்கம். ஜெனரேட்டர் புகை வெளியேறுவதுதான் அம்சம். காரணத்தைத்தான் நிர்வகிக்க முடியும் என்பது அங்கேதான் பிடிபடுகிறது. இரண்டாவது ஓட்டை: எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளை மட்டுமே எழுதுவார்கள். டீசல் தொட்டி கசிந்தால்? குளிர்பதன வாயு வெளியேறிவிட்டால்? இயல்பு மீறிய நிலைகளையும், எதிர்பார்க்கக்கூடிய அவசர நிலைகளையும் கணக்கில் எடுக்கத் தரநிலையே சொல்கிறது.

அதற்குப் பிறகு, எது முக்கிய அம்சம் என்று தீர்மானிக்கும் கட்டம். எனக்கு மிகவும் பிடித்த வாரங்கள் இவை. நிகழும் தடவையை ஐந்துக்கு, கடுமையை ஐந்துக்கு மதிப்பிட்டுப் பெருக்குவார்கள். காகிதம் தினமும் செலவாவதால் பட்டியலில் மேலே ஏறிவிடும். எப்போதாவது கொட்டப்படும் கரைப்பான் கழிவு கீழே போய்விடும். "இந்தப் பட்டியலை நம்பிப் பணம் ஒதுக்குவீர்களா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எந்த முறையில் மதிப்பிட வேண்டும் என்று தரநிலை சொல்வதில்லை. அளவுகோலை நிறுவனமே வகுத்து ஆவணப்படுத்த வேண்டும். ஆகவே ஒரே லேபை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, முடிவுகளை மோதவிடுகிறேன். அந்தச் சண்டை முடிவதற்குள் கொள்கையும் குறிக்கோள்களும் எதற்கு என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வரலாற்றுக்கு ஒரு வகுப்பு போதும். 1992-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலையான பி.எஸ். 7750, 1993-இல் ஐரோப்பாவின் இமாஸ் (EMAS) எனும் சுற்றுச்சூழல் மேலாண்மை, தணிக்கைத் திட்டத்துக்கான ஒழுங்குமுறை, 1996-இல் ஐ.எஸ்.ஓ. 14001, பிறகு 2004, 2015 திருத்தங்கள், 2024-இல் காலநிலை மாற்றம் குறித்த சேர்க்கை. இதில் இமாஸை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசலாம். அதில் சரிபார்க்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும். 14001-இல் அந்தக் கட்டாயம் இல்லை.

தணிக்கையாளர்

நான் சில இடங்களில் விருந்தினராக வந்து உள் தணிக்கைப் பகுதியை மட்டும் எடுக்கிறேன். மாணவர்கள் ஆடிட் என்றாலே திருடனைப் பிடிக்கப் போவதுபோலக் கிளம்புகிறார்கள். திரும்பி வந்து 'கழிவு மேலாண்மை சரியில்லை' என்று எழுதுகிறார்கள். அது கண்டறிதல் ஆகாது, அபிப்பிராயம். எந்தத் தேவை, என்ன சான்று, இரண்டுக்கும் நடுவே என்ன இடைவெளி, இந்த மூன்றும் வேண்டும். 'கரைப்பான் கழிவு கேன்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும் என்று லேபின் நடைமுறை சொல்கிறது. அலமாரியில் இருந்த இரண்டு கேன்களில் லேபிள் இல்லை' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

அடுத்தபடி இன்னும் கடினம். லேபிளை ஒட்டிவிட்டு 'திருத்த நடவடிக்கை முடிந்தது' என்பார்கள். ஒட்டியது வெறும் சரிசெய்தல். ஏன் ஒட்டப்படவில்லை என்று தோண்டி, அந்தக் காரணத்தை நீக்குவதுதான் திருத்த நடவடிக்கை. தொழிற்சாலைகளிலும் இதே கதைதான், சொல்லப்போனால் அங்கே இன்னும் மோசம்.

இன்னொன்றையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் தருவது தரநிலையை வெளியிடும் ஐ.எஸ்.ஓ. அல்ல, தனிச் சான்றளிப்பு அமைப்புகள். 14001 எந்த உமிழ்வு அளவையும் நிர்ணயிப்பதில்லை. ஒரே தொழில் செய்யும் இரண்டு ஆலைகள் வெவ்வேறு அளவில் மாசுபடுத்தியும் இரண்டுமே சான்றிதழ் வைத்திருக்கலாம். இது தெரியாமல் பட்டம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் மாணவி, இப்போது ஆலையில்

எனக்கு இந்தப் பாடத்தில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். இணக்கக் கடப்பாடுகள், அதாவது நிறுவனம் பின்பற்றியாக வேண்டிய சட்டங்களும் மற்றத் தேவைகளும், என்ற தலைப்பில் சட்டங்களின் பெயரும் ஆண்டும் கொடுத்தார்கள். வேலையில் என் மேசைக்கு வந்தது, ஆலை இயங்க அரசு நிபந்தனைகளோடு தரும் ஓர் அனுமதி ஆணை. அதன் ஒவ்வொரு நிபந்தனைக்கும் யார் பொறுப்பு, எப்போது அளக்க வேண்டும், எந்தப் பதிவு சான்றாகும் என்று பிரித்து எழுதுவதுதான் வேலை. ஒரே ஒரு ஆணையை வகுப்பில் இப்படிப் பிரித்திருந்தால் போதும்.

மேலாண்மைத் துறை ஆசிரியர்

வளாகத்தையே களமாக்குவது கேட்க நன்றாக இருக்கிறது. வளாகப் பராமரிப்புப் பிரிவு ஒத்துழைக்க வேண்டுமே! எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் மாணவர் அறிக்கை நேராக நிர்வாகத்தின் மேசைக்குப் போனது. அடுத்த ஆண்டு எந்த அறையும் திறக்கவில்லை. நான் முன்கூட்டியே பேசிவிடுகிறேன்: அறிக்கை முதலில் அவர்களுக்கு, அவர்கள் பார்த்த பிறகே வகுப்புக்கு.

மதிப்பெண் விஷயம் யாரும் தொடவில்லை. எழுத்துத் தேர்வுக்குப் பெரிய பங்கு என்று விதி இருந்தால் அதை நாம் மாற்ற முடியாது, கேள்வியை மாற்றலாம். '14001-இன் பிரிவுகளை விவரிக்க' என்பதற்குப் பதிலாக, ஒரு கற்பனைச் சாயப்பட்டறையை ஒரு பக்கத்தில் விவரித்து, பதிவேடு தயாரிக்கச் சொல்கிறேன். கற்பித்தது, செய்யவைத்தது, சோதித்தது மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் சொன்னது இதைத்தான். திருத்தத்தான் நேரம் பிடிக்கிறது, அதற்கு வழியில்லை.

சுற்றுச்சூழல் பொறியியல் ஆசிரியர்

அறிக்கை முதலில் அவர்களுக்கு என்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். செயல்திறன் அளவீட்டிலும் இதே தலைவலி வருகிறது. மின்சாரம் மொத்தத்தில் கூடியிருக்கும், மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் குறைந்திருக்கும். நிர்வாகத்துக்குப் பிடித்த எண்ணை மட்டும் போடும் ஆசை மாணவர்களுக்கும் வருகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போடாவிட்டால் திருப்பி அனுப்புகிறேன்.

ஆலையில் இருக்கும் சகோதரிக்கு: நிறுவனப் பெயரை நீக்கிவிட்டு அந்த மாதிரி ஆணை ஒன்றின் நிபந்தனைகளை மட்டும் தர உங்கள் மேலாளர் சம்மதிப்பாரா? இரண்டு வகுப்புகளை அதற்கே ஒதுக்கிவிடுவேன்.