பழைய 20 பின் எஸ்எம்பிஎஸ்-ஐ புது எச்610 போர்டில் மாட்டலாமா?

கேபினெட்_காரன்

வணக்கம். பென்டியம் 4 காலத்து கேபினெட் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குள் எச்610 மதர்போர்டு, ஐ3-12100 சிபியு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி போடப் போகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. பின்னால் தனி பவர் கேபிள் கேட்காத சின்ன கார்டு ஒன்று போடலாம் என்று எண்ணம்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மட்டும் பழையது. பெரிய பிளக் 20 பின், சிபியு பிளக் 4 பின். போர்டில் இருப்பதோ 24-ம் 8-ம். ஸ்டிக்கரில் உள்ளது: 450 வாட், 3.3 வோல்ட் 28 ஆம்ப். 5 வோல்ட் 35 ஆம்ப். 12 வோல்ட் 16 ஆம்ப். −5 வோல்ட் 0.3 ஆம்ப். கடையில் 20-லிருந்து 24-க்கு கன்வர்ட்டர் கேபிள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கணுமா? அப்படியே சொருகினால் போர்டு போய்விடுமா?

பின்_அவுட்

சொருகினதற்காக போர்டு போகாது. 24 பின் என்பது பழைய 20 பின்னின் ஓரத்தில் நான்கைக் கூட்டியது, அவ்வளவுதான்; 2003-ல் ஏடிஎக்ஸ்12வி 2.0 என்ற பவர் சப்ளை தரம் வந்தபோது நடந்தது. கூடின நான்கும் 12, 5, 3.3 வோல்ட், ஒரு கிரவுண்ட். எல்லாம் ஏற்கெனவே 20-க்குள் இருப்பவைதான், கூடுதல் கம்பி மட்டும் கிடைக்கிறது.

சாக்கெட்டில் 1 என்று குறித்த முனையோடு பிளக்கைச் சேர்த்து வையுங்கள். மறுமுனையில் 11, 12, 23, 24 காலியாக நிற்கும். பிளக்கின் கொக்கி சாக்கெட்டின் மேட்டில் 'டக்' என்று பிடிக்கணும். பிடிக்கவில்லை என்றால் ஒரு பின் தள்ளிச் சொருகியிருக்கிறீர்கள், அழுத்தாதீர்கள். சில போர்டுகளில் அந்தக் காலி நான்கின் மேல் ஸ்டிக்கரோ மூடியோ இருக்கும், சீண்ட வேண்டாம். உங்கள் பிளக்கில் வெள்ளைக் கம்பி ஒன்று இருக்குமே, அதுதான் −5 வோல்ட். புது போர்டில் அந்த இடம் எதோடும் இணைக்கப்படாதது.

சிபியு 8 பின்னில் ஒரு வரிசை முழுக்க 12 வோல்ட், எதிர் வரிசை முழுக்க கிரவுண்ட். 4 பின் பிளக் ஒரு பாதியில் உட்காரும், ஐ3-க்கு மின்சாரம் அதிலேயே போதும். ஒரு பின்னுக்கு 7, 8 ஆம்ப் என்று வைத்தாலும் இரண்டு மஞ்சள் (12 வோல்ட்) கம்பியில் 160 வாட்டுக்கு மேல் போகும். 12100 உச்சத்தில் இழுப்பது 89 வாட்.

கன்வர்ட்டர் வேண்டாம். இருக்கிற 20 கம்பியைத்தான் அது 24 ஆகக் கிளை பிரிக்கிறது. ஒரு ஆம்ப்கூட கூடாது, சூடாக இன்னொரு ஜாயின்ட் கூடும்.

பின்பக்கம் 115/230 சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பிளக் பாயின்ட் போடுமுன் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். 115-ல் நின்றால் நம் 230 வோல்ட் உள்ளே டபுள் ஆகிப் பெரிய கெப்பாசிட்டர்கள் வெடிக்கும்.

ஆம்ப்_கணக்கு

பின் பொருந்துகிறது, சரி. ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 × 16 = 192. உங்கள் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இன்றைய போர்டுக்கு 192 வாட் எஸ்எம்பிஎஸ். மீதியெல்லாம் 5-லும் 3.3-லும் முடங்கிக் கிடக்கிறது. சிபியு 5 வோல்ட் லைனில் ஓடிய நாட்களின் கணக்கு அது. இப்போது சிபியு, கார்டு, ஃபேன் எல்லாமே 12-ல்தான் தொங்குகின்றன.

சிபியு 89 வாட். விஆர்எம் (12 வோல்ட்டை சிபியு-வுக்குத் தேவையான அளவுக்கு இறக்கும் போர்டின் பகுதி) இழப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100, அதாவது 8.5 ஆம்ப். ஃபேன்களுக்கு அரை ஆம்ப். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் சுழலத் தொடங்கும்போது மட்டும் 2 ஆம்ப். பேப்பரில் 16-க்குள் அடங்குகிறது. ஆனால் இத்தனை வருஷம் ஓடிய கெப்பாசிட்டர்கள் 16 தருமா என்பதை ஸ்டிக்கர் சொல்லாது.

அடுத்தது, இந்த வயசு எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 12-ஐயும் 5-ஐயும் சேர்த்தே கட்டுப்படுத்தும். 12-ல் பாரம் ஏறி 5-ல் ஒன்றுமே இல்லாவிட்டால் 12 சரியும், 5 ஏறும். உங்கள் புது போர்டு வைக்கப்போவது அந்தப் பாரத்தைத்தான்.

கார்டு பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. தனி கேபிள் இல்லாத கார்டு 75 வாட் வரை ஸ்லாட்டிலிருந்தே எடுக்கும். அதில் 12 வோல்ட் பங்கு 5.5 ஆம்ப் வரை. அது பெரிய பிளக் வழியாகத்தான் வரணும். 24 பின்னில் அதற்கு இரண்டு மஞ்சள் கம்பி, 20 பின்னில் பத்தாவது பின்னில் ஒன்றே ஒன்று. பழகித் தளர்ந்த பின் என்றால் முதலில் அந்த ஒரு ஓட்டையின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் இளகிப் பிளக் கழற்ற வராது. 20 பின்னோடு கார்டு வேண்டாம்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? டிசி 20 ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை மோலெக்ஸ் பிளக்கின் (பழைய டிஸ்க்குகளுக்கான 4 பின் பிளக்) கறுப்பிலும், சிவப்பு முனையை மஞ்சளிலும் (12 வோல்ட்), பிறகு சிவப்புக் கம்பியிலும் (5 வோல்ட்) வையுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு தரம், பிரைம்95 (சிபியு-வுக்கு முழுப் பாரம் தரும் சாஃப்ட்வேர்) இருபது நிமிஷம் ஓடியபின் ஒரு தரம். 11.40–12.60, 4.75–5.25 இந்த எல்லைக்குள் நிற்கணும். பயாஸில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

ரிச்சி_வாசி

மீட்டர் வோல்டேஜைத்தான் காட்டும், ரிப்பிளை (வோல்டேஜில் வரும் வேகமான சிறு ஏற்ற இறக்கம்) காட்டாது. 12-ல் 120 மில்லிவோல்ட், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட் வரைதான் அனுமதி. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். ஃபேன் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அளப்பதே வீண். மூடியைத் திறக்காதீர்கள் ப்ரோ, பிரைமரி பக்கம் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

இந்த ஜோடியில் இன்னொரு தொல்லையும் வரும். பாரம் இருக்கும்போது நன்றாக ஓடும், சும்மா விட்டால் ஆஃப் ஆகும் அல்லது ஸ்லீப்பிலிருந்து எழாது. 2013-ல் ஹேஸ்வெல் வந்ததிலிருந்து இன்டெல் சிபியு ஆழ்ந்து தூங்கும்போது 12 வோல்ட் லைனில் 0.05 ஆம்ப்தான் இழுக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ் அவ்வளவு குறைந்த பாரத்தில் நிலைகொள்ளாது. பயாஸில் சி6, சி7 ஸ்டேட்களை (அந்த ஆழ்ந்த தூக்க நிலைகள்) அணைத்துப் பாருங்கள். ரைசன் போர்டு வைத்திருப்பவர்கள் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல்' ஆக்கணும்.

பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? ஊதாக் கம்பியைப் பாருங்கள். பிளக் பாயின்ட் போட்டதுமே, பிசி ஆன் ஆகாத நிலையிலேயே, 5 வோல்ட் நிற்கணும். 4.75-க்குக் கீழே போனால் ஸ்டாண்ட்பை பகுதி (பிசி ஆஃப்-ல் இருக்கும்போதும் 5 வோல்ட் தருவது) செத்துக்கொண்டிருக்கிறது.

சாட்டா பவர் பிளக் (டிஸ்க்குகளுக்கான புது வகை) இல்லை என்று மோலெக்ஸ்–சாட்டா கேபிள் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த பிளக் வேண்டாம், தீப்பிடிப்பது அந்த ரகம்தான். பின்னால் மூடி கழன்று கம்பி தனித்தனியாகத் தெரியும் பிளக்காகப் பாருங்கள்.

கேபினெட்_காரன்

அளந்தேன். ஊதா 4.97. சும்மா இருக்கும்போது 12 லைனில் 12.02, 5 லைனில் 5.11. பிரைம்95 ஓடும்போது 11.36, 5.29. ஆனால் பிசி ஹேங் ஆகவில்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை. விட்டுவிடலாமா?

ஆம்ப்_கணக்கு

விட வேண்டாம். 12 கீழே, 5 மேலே, இரண்டுமே எல்லை தாண்டிவிட்டன. ஹேங் ஆகாததற்குக் காரணம் விஆர்எம்: வோல்டேஜ் குறைந்தால் அது அதிக ஆம்ப் இழுத்துச் சமாளிக்கும், பின்னும் கம்பியும் அதற்கேற்ப சூடேறும். ஏறின 5 வோல்ட்டை யுஎஸ்பி-யில் சொருகியதெல்லாம் வாங்கிக்கொள்கிறது. புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை பயாஸில் சிபியு பவர் லிமிட்டை 60 வாட்டுக்கு இறக்கி வையுங்கள். அப்போதும் ஒரு தரம் அளந்து பாருங்கள்.

கேபினெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஏடிஎக்ஸ் அளவு என்றால் 150 × 86 மிமீ முகமும் நான்கு ஸ்க்ரூவும் அன்றிலிருந்து அப்படியேதான். வாங்கும்போது 450 என்ற பெரிய எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் வரியைப் படியுங்கள். 36 ஆம்ப் என்றிருந்தால் 432 வாட். மொத்த வாட்டில் பெரும்பகுதி 12-லேயே இருந்தால்தான் இக்காலத்து டிசைன்.

கேபினெட்_காரன்

புதுசு வாங்கியாச்சு. 8 பின் கேபிள் இரண்டு வருகிறது, ஒன்று 4+4, ஒன்று 6+2. எழுத்து சரியாகத் தெரியவில்லை. இரண்டில் எது சிபியு-வுக்கு?

பின்_அவுட்

4+4 தான். 6+2 கிராஃபிக்ஸ் கார்டுக்கு. எல்லாக் கம்பியும் கறுப்பாக இருந்து சந்தேகம் வந்தால் போர்டில் சொருகாமல் அளந்து பாருங்கள். பிசி-யிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 24 பின் பிளக்கில் பச்சைக் கம்பியின் இடத்தையும் (16-வது பின்) பக்கத்து கிரவுண்டையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். கொக்கி இருக்கும் வரிசையில் 12 வோல்ட் வந்தால் சிபியு பிளக். கொக்கி பக்கம் கிரவுண்டாக இருந்தால் கார்டு பிளக். அதை சிபியு சாக்கெட்டில் அழுத்தி ஏற்றினால் 12 நேராக கிரவுண்டில் விழும். மாடுலர் வகை (கேபிள்களை எஸ்எம்பிஎஸ்-இலிருந்து கழற்றக்கூடியது) என்றால் அதோடு வந்த கேபிள்களை மட்டுமே போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.