தாமஸ் செஞ்சது அன்பா, இல்ல யூலிக்கு கொடுத்த தண்டனையா?

இரவல்புத்தகம்:
ஹாகியோ மோட்டோவோட 'தாமஸின் இதயம்' நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சேன். 1974ல வாரப் பத்திரிகையில தொடரா வந்த மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், ஜெர்மனியில ஒரு பசங்க ஹாஸ்டல் ஸ்கூல்ல நடக்குது. ஆரம்பத்துலயே தாமஸ்ங்கிற பையன் தானே உயிரை விட்டுடுறான், அவன் நேசிச்ச யூலிக்கு ஒரு லெட்டர் மட்டும் வந்து சேருது. எல்லாரும் தியாகம்னு உருகுறீங்க, எனக்கு கோவம்தான் வந்துச்சு. ஏற்கனவே உடைஞ்சு கெடக்கிறவன் தலையில இவ்ளோ பெரிய பாரத்தை ஏத்திட்டுப் போறதுக்கு பேரு அன்பா? யூலி அந்த லெட்டரை கல்லறையில வச்சே கிழிச்சுப் போட்டான், நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணிருப்பேன்.

பனிக்கால_விடுதி:
அவன் கிழிச்சது பயத்துல நண்பா. ஜீக்ஃப்ரீட்னு ஒரு சீனியர், அவன் மேல யூலிக்கு ஒரு ஈர்ப்பு, அதை நம்பி கூப்பிட்ட இடத்துக்குப் போனவனை அடிச்சு சிகரெட்டால சுட்டு கடவுளையே மறுக்க வச்சுட்டாங்க. தழும்பை சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஸ்கூலுக்கே நல்ல பையனா நடமாடுறான், உள்ளுக்குள்ள தன் சிறகு போயிடுச்சு, இனிமே யாரும் தன்னை நேசிக்கக்கூடாதுன்னு முடிவு கட்டிட்டான். அதனாலதான் தாமஸை எல்லார் முன்னாடியும் அப்படி ஒதுக்கினான். தாமஸ் சொல்ல வந்தது, நீ எப்படி இருந்தாலும் உன்னை நேசிக்கிறேங்கிறதுதான்.

இரவல்புத்தகம்:
அதை உயிரோட இருந்து சொல்லலாமே! யூலியோட ரூம்மேட் ஆஸ்கரைப் பாருங்க. அவங்க அம்மாவை சுட்டது தன்னை வளர்த்த அப்பான்னு தெரிஞ்சும் காட்டிக்கொடுக்கல, ஹெட்மாஸ்டர்தான் தன்னைப் பெத்தவர்னு தெரிஞ்சும் அவரா சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்கான். யூலிக்கு என்னமோ நடந்திருக்குன்னும் அவனுக்குப் புரியுது, ஒரு வார்த்தை துருவிக் கேக்காம கூடவே இருக்கான். எனக்கு மன்னிப்புன்னா அதுதான். கதையில பெரிய மனசு ஆஸ்கருக்கு, பேரு மட்டும் தாமஸுக்கு.

ஓரத்துப்_பெஞ்ச்:
ஆஸ்கர் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரு விஷயம், ஹாகியோவுக்கு இந்தக் கதையோட விதை 1964ல வந்த ஒரு பிரெஞ்சுப் படம், அதுல பையனோட சாவு கடைசியில வரும். இவங்க அதை தூக்கி முதல்லயே வச்சுட்டாங்க. அப்புறம் இருக்கிற நூத்துக்கணக்கான பக்கமும் மிச்சம் இருக்கிறவங்க எப்படி வாழ்றாங்கங்கிறதுதான். அதனால இது சாவை கொண்டாடுற கதைன்னு என்னால ஒத்துக்க முடியல. ஆரம்பத்துல வாசகர் ஓட்டுல கடைசி இடம், நிறுத்திடலாம்னே பேச்சு வந்துச்சு, அவங்களோட 'போ குடும்பம்' புத்தகம் நல்லா வித்ததால தப்பிச்சு டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு. அன்னைக்கு நிறுத்தியிருந்தா எரிக் யூலிகிட்ட பேசுற அந்த இடமே நமக்கு கிடைச்சிருக்காது.

பனிக்கால_விடுதி:
அந்த இடம்! தாமஸ் முகச்சாயல்லயே வந்த எரிக், அம்மாவை விபத்துல பறிகொடுத்தவன், எனக்கு சிறகு இருந்தா உனக்குத் தந்துடுவேன்னு சொல்றான். அப்பதான் யூலிக்கு தாமஸ் என்ன கொடுத்தான்னே உறைக்குது. நான் புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

இரவல்புத்தகம்:
அக்கா, நீங்க சொல்றது எனக்கு சாதகமால்ல இருக்கு. அவனை மீட்டது உயிரோட எதிர்ல நின்ன ஒரு பையன். நான் ஏன் இவ்ளோ பிடிவாதமா பேசுறேன்னா, காலேஜ்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இப்படித்தான் போனான், எழுதி வச்ச பேப்பர்ல என் பேரும் இருந்துச்சு. அன்பாத்தான் எழுதியிருந்தான். ஆனா அன்னைக்கு சாயங்காலம் அவன் போன் அடிச்சப்ப நான் எடுக்கல, அது மட்டும்தான் இன்னைக்கும் எனக்கு ஞாபகம் வருது.

ஓரத்துப்_பெஞ்ச்:
இதை எழுதினதுக்கு நன்றி தம்பி. அது உங்க தப்பு இல்ல. யூலி பான் நகரத்துக்கு பாதிரியாருக்குப் படிக்கப் போறதுக்கு முன்னாடி எரிக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போறான். உங்களுக்கும் பேசணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, எந்நேரமா இருந்தாலும் பரவால்ல.

இரவல்புத்தகம்:
வரேன் அண்ணா. தாமஸ் மேல கோவம் இன்னும் போகல, ஆஸ்கர் வர்ற பக்கங்களை மட்டும் திரும்ப ஒருதடவை படிச்சுட்டு வரேன்.