கெண்டைக்கால் வலியோடு இறங்கிய ஹாலிபர்ட்டன்: என்பிஏ பார்க்கும் நம்ம கடற்கரைக்காரர்களின் அனுபவங்கள்

பாம்பன் பாயிண்ட் கார்டு:

அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் என்பதைக் குறைத்தே ஆகணும்னு ரொம்ப நாளாகச் சொல்லிட்டு வர்றேன். இதைப் பற்றி நான் பேசினதிலேயே நல்ல பேச்சு, பாஸ்கெட்பாலைக் கையால் தொட்டே பார்க்காத ஒருத்தரோட நடந்தது.

2025 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். நமக்கு அது ஜூன் 23, திங்கள் காலை ஐந்தரை மணி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும், படகு மராமத்து முடியாததால் கரையிலேயே நின்ற ஒரு சித்தப்பா டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தார். இந்தியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் அதற்குள் தூரத்துக் கோட்டுக்கு வெளியே இருந்து மூணு த்ரீ, அதாவது மூணு மூன்று புள்ளி ஷாட், போட்டு ஒன்பது புள்ளி எடுத்திருந்தார். அடுத்து பந்தோடு முன்னே பாய்ந்தவர் அப்படியே விழுந்தார். கையால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தார். யாரும் தள்ளலை, யாரும் மிதிக்கலை. வலது காலில் அக்கிலிஸ், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார், அறுந்துவிட்டது.

சித்தப்பா கேட்டார்: "காலு போயிருச்சே தம்பி, சம்பளம் வருமா?"

வரும்னு சொன்னேன். அவர் ஒப்பந்தம் உத்தரவாதமானது, படுத்துக் கிடந்தாலும் பணம் வரும்.

"அப்பறம் எதுக்கு எறங்குனான்?"

கெண்டைக்கால் ஐந்தாவது ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டது, அந்த வலியோடுதான் ஆறாவதும் ஏழாவதும் இறங்கினார்னு விளக்கினேன். 1976ல் என்பிஏவுக்குள் வந்த இந்தியானா ஒரு தடவைகூட அங்கே கோப்பை ஜெயித்ததில்லை. அந்த வாசல்வரை வந்தவன் எப்படி உட்காருவான்? இதே நிலைமை மறுபடி வந்தாலும் இறங்கத்தான் செய்வேன்னு அடுத்த நாளே ஹாலிபர்ட்டன் எழுதினார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாங்களும் காச்சலோட போயிருக்கோம்தான். எங்களுக்குப் போகாட்டிப் பங்கு கெடையாதுல்ல"ன்னார்.

ஹாலிபர்ட்டன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் ஆட்ட அட்டவணை மேல். 82 ஆட்டம் என்ற கணக்கு 1967-68ல் வந்தது. அப்போ என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, அது 1979-80ல்தான் வந்தது. இப்போ அந்தக் கோடுவரை ஓடி மறிக்கணும், உடனே திரும்பிப் பாயணும், நிற்கணும், மறுபடி பாயணும். ஆட்டம் இவ்வளவு மாறியும் எண்ணிக்கை மட்டும் மாறலை. 2024-25 சீசனில் இந்தியானா 82ம், அதுக்கு மேலே கோப்பைக்காக நடக்கும் கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபில் 23ம் ஆடியது. மொத்தம் 105. அதே அணியின் ஜேம்ஸ் வைஸ்மேனுக்கும் ஐசையா ஜாக்சனுக்கும் சீசன் ஆரம்பத்திலேயே அக்கிலிஸ் அறுந்தது. மில்வாக்கியின் டேமியன் லில்லார்டுக்கும் பாஸ்டனின் ஜேசன் டேட்டமுக்கும் அதே பிளேஆஃபில். அத்தனைக்கும் ஆட்ட எண்ணிக்கைதான் காரணம்னு நிரூபணம் ஆகலை, எனக்குத் தெரியும். ஆனா 2019 இறுதிச்சுற்றில் கெவின் டுராண்ட் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பி வந்த அதே ஆட்டத்தில் அக்கிலிஸ் அறுந்து விழுந்ததைப் பார்த்த பிறகும் லீக் பெருசா எதையும் மாத்தலை.

மாறாக 2023-24லிருந்து 65 ஆட்ட விதியைக் கொண்டுவந்தாங்க. அத்தனை ஆட்டம் ஆடாதவருக்கு எம்விபி (சீசனின் மிகச்சிறந்த வீரர்), ஆல் என்பிஏ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) போன்ற விருதுகள் கிடையாது. அந்த விருதை வைத்துத்தான் ஒப்பந்தத் தொகையே ஏறுது. அந்த வருஷம் தொடைத்தசைக் காயத்தோடு ஹாலிபர்ட்டன் பட்ட பாடு இதனால்தான். அவரே அந்த விதியைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார்.

நம்ம கடலுக்குக்கூட ஓய்வு உண்டு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம்ம பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. முன்னே 45 நாளாக இருந்ததை 2017ல் கூட்டினாங்க. மீன் பெருகணும்னா கடலை விடணும் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. என்பிஏ பிளேஆஃபும் ஏறக்குறைய அதே ரெண்டு மாசம்தான். ஆறு மாசம் ஓடிக் களைத்த உடம்பை அப்போதான் அங்கே பிழிஞ்செடுக்கிறாங்க.

கீழக்கரை 77:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் 77ஆம் எண் பனியன் போடும் லூகா டான்சிச் ஆள். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. துபாயிலிருந்து காக்கா (எங்க அண்ணன்) போன் பண்ணி, "டல்லாஸ்காரங்க லூகாவை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துட்டாங்க"ன்னாங்க. நம்பவே முடியலை. முந்தின சீசன்தான் டல்லாஸை இறுதிச்சுற்றுவரை கொண்டுபோனவர்.

பாம்பன் அண்ணே சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு லூகாவுக்கும் கெண்டைக்கால்தான் பிடித்தது. அவர் இறங்காம ஓய்வில் இருந்தப்போதான் வித்தாங்க. உடம்பைச் சரியா வச்சுக்கலைங்கிற பேச்சுதான் காரணமா வெளியே வந்தது. ஒருத்தர் வலியோட இறங்கினார், கால் போச்சு. இன்னொருத்தர் ஆறட்டும்னு காத்திருந்தார், ஊரே போச்சு. பதிலுக்கு வந்த ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்கு ஆடின முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார்.

அதுக்குச் சில மாசம் கழிச்சு ராமநாதபுரம் பஸ்ஸில், நீல நிற டல்லாஸ் 77 பனியன் போட்ட ஒரு பையனைப் பார்த்தேன். நம்ம ஊரில் அப்படி ஒருத்தரை எதிர்பார்க்கவே இல்லை. "லேக்கர்ஸ் சட்டை வாங்கலையா தம்பி?"ன்னு கேட்டேன். "இல்ல காக்கா, எனக்கு டல்லாஸ் லூகாதான்"ன்னான். கீழக்கரை வரும்வரை அதே பேச்சு. ஏப்ரலில் லூகா டல்லாஸுக்கு எதிரணியாகப் போனப்போ, அரங்கில் அவருக்காகப் போட்ட காணொளியைப் பார்த்து அழுததும், அழுத கையோட 45 புள்ளி போட்டதும் அவனுக்கு நிமிஷம் நிமிஷமா மனப்பாடம். நவம்பரில், லூகாவை வித்த டல்லாஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசனை வேலையை விட்டு எடுத்தாங்க. எனக்கு அதில் சந்தோஷமே வரலை. போனவர் போனவர்தானே.

தேவிபட்டினம் த்ரீ:

நான் பள்ளியில் ஆடியவள். மாவட்டப் போட்டிக்கு முன்னாடி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. "எண்ணெய் தேய்ச்சுட்டு எறங்கும்மா, நீ இல்லாட்டி டீம் இல்ல" என்றார்கள். இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தக் காலில் பழைய வேகம் வரவே இல்லை. இப்போது மாலையில் சின்னப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். கெண்டைக்கால் வலி என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைக்கு அவளுக்குப் பந்து கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது.

பெண்கள் லீகையும் பேசுங்கள் அண்ணா. டபிள்யூஎன்பிஏவில் 40 ஆக இருந்த ஆட்டங்களை 2025ல் 44 ஆக்கினார்கள். அதே வருஷம் அந்த லீகின் பெரிய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் காயங்களால் 13 ஆட்டம்தான் ஆடினார். லீகின் சிறந்தவர்கள் சேர்ந்து ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்தன்று வீராங்கனைகள் எல்லோரும் "எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்" என்று பொருள்படும் பனியன் போட்டு நின்றார்கள். அந்தப் படத்தை என் பிள்ளைகளிடம் காட்டினேன். "ஆட்டத்தக் கூட்டுனா காசையும் கூட்டணும்லக்கா" என்றாள் ஒருத்தி, எட்டாம் வகுப்பு.

பாம்பன் பாயிண்ட் கார்டு:

தங்கச்சி சொன்னது நியாயம். ஆட்டத்தைக் குறைத்தால் வருமானம் போயிடுமேன்னு கேட்பவர்களுக்கு என் கணக்கு இது. 82ஐ 72 ஆக்கினால் ஒவ்வொரு அணியும் சொந்த ஊரில் இழப்பது ஐந்தே ஆட்டம். 2025-26லிருந்து பதினோரு வருஷத்துக்கு ஏறக்குறைய 7,600 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையில் இருக்கு. ஆட்டம் குறைந்தால் அதிலும் கொஞ்சம் குறையும், வீரர்கள் சம்பளத்திலும் குறையும், அதை மறைக்க வேண்டாம். கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அதைத் தெரிந்தேதான் குறைக்கச் சொல்கிறார். முதலில் வெட்ட வேண்டியது அடுத்தடுத்த நாளில் வரும் ஆட்டங்களை.