மேக இணைப்பகமா, வாடகை இணைப்பகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பட்டறைக்கு, இணையவழித் தொலைபேசி அமைப்புக்கான இரண்டு விலைப்புள்ளிகளைத் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘பிபிஎக்ஸ்’ (ஓர் அலுவலகத்தின் தொலைபேசிகளைத் தங்களுக்குள்ளும் வெளியுலகோடும் இணைப்பது) என்பதற்கு நம் குழுவின் முந்தைய உரையாடலில் ‘தனியார் கிளைப் பரிமாற்றகம்’ என்று முடிவு செய்திருந்தோம். அதைப் படித்த முதலாளி, “எங்களுக்குக் கிளையே கிடையாதே” என்றார். அவர்மேல் என்ன தவறு? ‘இணைப்பகம்’ என்று சுருக்கிவிட்டேன். தொலைபேசி இணைப்பகம் என்ற வழக்கு நம்மிடம் உண்டு. அலுவலகத்துக்குள் இருப்பது அதன் குட்டி.

சிக்கல் அதற்கு அடுத்த வரியில். ஒரு விலைப்புள்ளி, ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் ஏற்றிய கணினியை இணைப்பகமாகப் பட்டறையிலேயே வைக்கச் சொல்கிறது. மற்றதில் பெட்டியே இல்லை. இணைப்பகம் சேவை நிறுவனத்தின் கணினியில் ஓடும். இங்கே மேசைத் தொலைபேசிகள் மட்டும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஆங்கிலத்தில் ‘கிளவுட்’ என்கிறார்கள் என்று இதை ‘மேக இணைப்பகம்’ என்று எழுதினால், மழை வந்தால் பேச முடியுமா என்பார்கள். ‘இணைய இணைப்பகம்’ என்றால் நாக்கு இடறுகிறது. தவிரவும், இரண்டுமே இணையத்தில்தான் பேசுகின்றன. வேறுபாடு, சொந்தமா வாடகையா என்பதில் இருக்கிறது. ஆகவே சொந்த இணைப்பகம், வாடகை இணைப்பகம்.

இன்னொன்று, ‘ஜிட்டர்’. ‘நடுக்கம்’ என்று எழுதுகிறோம்; பேசுபவருக்குக் குளிர் போலும்! நடப்பது வேறு. குரல் சிறு தரவுத் துண்டுகளாக, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பொதியாக, நொடிக்கு 50 பொதிகளாகப் புறப்படுகிறது. மிருதங்கம் மாதிரி சீராகப் புறப்பட்டது, போய்ச் சேரும்போது இரண்டு ஒட்டி வரும், ஒன்று பின்தங்கும். ‘தாளப்பிசகு’ என்று வைத்தால் என்ன?

---

> வேறுபாடு, சொந்தமா வாடகையா என்பதில் இருக்கிறது.

ஐயா, இதை ஏற்க முடியவில்லை. சுவரில் மாட்டும் பெட்டியையே மாத வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்களே, அதை என்னவென்று எழுதுவீர்கள்? இணைப்பகம் யாருடையது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். பழைய தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் கம்பியிலேயே வந்தது. ஊரே இருண்டாலும் மணி அடித்தது. இப்போது பட்டறையில் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்தால், உள்ளே இருக்கும் இணைப்பகம் ஊமை. வெளியே இருப்பது அப்போதும் அழைப்பை எடுக்கும், மேலாளரின் கைபேசிக்குத் திருப்பிவிடும். உள்ளிணைப்பகம், வெளியிணைப்பகம் என்பதே என் பரிந்துரை.

தாளப்பிசகு அழகுதான். ஆனால் பொறியாளர்கள் அதை மில்லிநொடியில் அளந்து எழுதுகிறார்கள். ‘தாளப்பிசகு 30’ என்று அட்டவணையில் போட்டால் சிரிப்பார்கள்.

---

அம்மா, சிரிக்கட்டும். கணினி மவுஸை ‘சுட்டி’ என்றபோதும் சிரித்தார்கள்.

வாடகைப் பெட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் சொல்லில் அந்த ஓட்டை இருக்கிறது. ஆனால் ‘வெளியிணைப்பகம்’ என்றதும் தெருமுனைத் தொலைபேசி நிலையம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மின்வெட்டு பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

நேற்று வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘வாடகை இணைப்பகம்’ என்ற இடத்தில் முதலாளி விரலை வைத்தார். “வாடகை பாக்கி விழுந்தால் இறக்கிவிடுவார்களா? விட்டுப் போகும்போது நம் எண்ணைக் கையோடு கொண்டுபோக விடுவார்களா?” இருபது ஆண்டுகளாக பம்ப்செட் பெட்டிகளில் அச்சாகிவரும் எண் அது. ஒப்பந்தத்தைப் புரட்டினோம். எண் யாருக்கு உரியது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரும்வரை கையெழுத்து இல்லை.

மேகம் என்று எழுதியிருந்தால் அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்.