வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த மேப் ஆப்?

முதன்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். வழிக்கு எந்த ஆப்பை நம்பலாம், சொல்லுங்களேன்.

கூகுள் மேப்ஸில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் நெட் இல்லாதபோது அதில் வண்டிக்கான வழிதான் வரும்; நடைவழியும் பஸ், ரயில் வழியும் வராது. நான் போவதோ நடையிலும் பஸ்ஸிலும்தான்!

மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் ஆப் நெட் இல்லாமலே நடைவழி சொல்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். சந்துக்குள் இருக்கும் படிக்கட்டைக்கூடக் காட்டியது. அப்புறம் பஸ், ரயிலுக்கு என்ன செய்வது? பஸ், ரயில் வழி சொல்லும் சிட்டிமேப்பர் ஆப் எல்லா நகரங்களுக்கும் இல்லை. இரண்டு ஆப் வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உயரமான கட்டடங்களுக்கு நடுவே, நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி தெருவுக்குத் தெரு தாவினால் என்ன செய்வீர்கள்?